பண்ருட்டி முந்திரிக்கு சிங்கப்பூரில் பெயர் பதிந்த அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் சரக்கை எடுத்து விற்கும் வியாபாரி நல்ல மனிதர். பணம் தேதி தவறாமல் வரும். தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கூடும். அவர்தான் ஒரு நாள் போனில் அண்ணனிடம், "உங்க பிராண்டு பேரை இங்க டிரேட்மார்க்கா பதிஞ்சு வச்சிரலாம்ணே. என் கம்பெனி இங்கதானே இருக்கு, என் பேர்லயே போட்டுட்டா செலவும் கம்மி, அலைச்சலும் இல்ல" என்றார். அண்ணன் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். அவர் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்த நாட்டில் உரிமையாளர். நாளைக்கு அவர் கடையை இன்னொருவருக்கு விற்கலாம், அவர் பிள்ளைகள் வேறு நாட்டு முந்திரியை அதே பாக்கெட்டில் போட்டு விற்கலாம். அப்போது எங்கள் பெயரைப் போட்டு நாங்களே அனுப்பினால் அத்துமீறியவர்கள் நாங்கள்தான். கெட்ட எண்ணத்தில் பதிந்ததை எதிர்த்து வழக்காட அங்கேயும் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு ஆகும் வக்கீல் செலவில் இங்கே இன்னொரு வறுவல் இயந்திரமே வாங்கிவிடலாம்.

அவர் மனம் கோணாமல் மறுப்பதுதான் உண்மையில் இந்த முழு வேலையிலும் கஷ்டமான பகுதி. "ஆடிட்டர் பிராண்டெல்லாம் கம்பெனி பேர்லதான் இருக்கணும்னு நிக்கிறாரு தம்பி, லோன் விஷயம்" என்று அண்ணன் சொன்னார். பாதி நிஜம்தான். கூடவே விநியோக ஒப்பந்தத்தில் பெயர் எங்களுடையது, அவர் எங்கள் அனுமதியோடு பயன்படுத்துகிறார் என்று ஒரு பத்தி சேர்த்தோம். "அதுக்கென்னண்ணே" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஏற்றுமதி செய்கிற யாராக இருந்தாலும் இந்தப் பத்தியை முதல் கன்டெய்னர் கிளம்பும் முன்பே எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கம்பெனியாக அங்கே பதிய இரண்டு வழி. ஒன்று, நேராக அந்த நாட்டு அலுவலகத்திலேயே விண்ணப்பிப்பது. சிங்கப்பூரில் அதற்கு அந்த ஊர் முகவரி ஒன்று கொடுத்தாக வேண்டும். மலேசியாவில் உள்ளூர் ஏஜென்ட் இல்லாமல் நடக்காது. இன்னொன்று மாட்ரிட் முறை. இந்தியா 2013 ஜூலையில் அதில் சேர்ந்தது. நம் இந்திய விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாக வைத்து, இந்திய டிரேட்மார்க் பதிவகம் வழியாக ஜெனீவாவில் உள்ள வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு ஒரே விண்ணப்பம் போகும். எந்தெந்த நாடு வேண்டும் என்று அதில் குறித்தால் போதும். ஒரே ஒரு நாடு என்றால் நேர்வழியே மலிவாக முடியலாம். எங்களுக்கு மலேசியாவும் தேவைப்பட்டது, துபாய் யோசனையும் இருந்தது. அதனால் மாட்ரிட்.

இந்த முறையில் ஒரு விஷயம் நன்றாக உறைக்க வேண்டும். வெளியே போகும் விண்ணப்பம் உள்ளூர் விண்ணப்பத்தின் நிழல். பெயரும் லோகோவும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவராகவே இருக்க வேண்டும், சரக்குப் பட்டியல் உள்ளூரில் உள்ளதைத் தாண்டக் கூடாது. எங்கள் பழைய பதிவு அண்ணனின் தனி வியாபாரப் பெயரில் இருந்தது. ஏற்றுமதி செய்வதோ பிறகு தொடங்கிய பிரைவேட் லிமிடெட். முதலில் உரிமையைக் கம்பெனிக்கு மாற்றிப் பத்திரம் எழுதி, டிஎம்-பி (TM-P) படிவத்தில் பதிவேட்டில் ஏற்றினோம். புதுச்சேரியும் தமிழ்நாடும் சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. எல்லாம் ஆன்லைன்தான், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே முடிந்தது.

அடுத்தது வகுப்பு. சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்த ஒரு பன்னாட்டுப் பட்டியல் இருக்கிறது. நமக்கு முந்திரி முந்திரிதான். பட்டியலுக்கோ வறுத்த, உப்பு போட்ட, மசாலா முந்திரி 29. இனிப்புப் பலகாரமாகிவிட்டால் 30. தோப்பில் பறித்தபடி பதப்படுத்தாமல் விற்கும் கொட்டை 31. எங்களிடம் 29 மட்டும் பதிவாகி இருந்தது. இனிப்பும் போகிறது என்பதால் 30-க்குப் புதிதாக இங்கே விண்ணப்பித்தோம். சிறு தொழில்களுக்கான உத்யம் சான்றிதழ் இருந்ததால் ஒரு வகுப்புக்கு ₹9,000-க்குப் பதில் ₹4,500. பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பத்தையும் மாட்ரிடுக்கு அடிப்படையாகக் காட்டலாம். ஆனால் சர்வதேசப் பதிவிலிருந்து ஐந்து வருடத்துக்குள் உள்ளூர் அடிப்படை விழுந்தால், அதை நம்பி நிற்கும் வெளிநாட்டுப் பதிவும் விழும். மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டு நேர் விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மறுபடி செலவு. எதிர்ப்பு ஏதும் இல்லாமல் பதிவாகி நிற்கும் 29 பற்றி எனக்குக் கவலை இல்லை. 30-ஐ நினைத்தால்தான் கொஞ்சம் உதைப்பு.

"பண்ருட்டி"யை மட்டும் பெயராகக் கேட்டிருந்தால் எங்கும் தேறியிருக்காது. ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் எல்லாருக்கும் பொது. அப்பா வைத்த பெயர் இரண்டில் ஒன்றாகவும் இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். விண்ணப்பம் போடும் முன் வைப்போவின் உலக பிராண்டு தேடுபொறியிலும் சிங்கப்பூர் அலுவலகத்தின் தேடலிலும் தேடிப் பார்த்தேன். இரண்டும் இலவசம்.

செலவு: இந்தியப் பதிவகத்துக்குக் கையாளும் கட்டணம் ₹5,000. வைப்போவுக்கு அடிப்படைக் கட்டணம் நாங்கள் கட்டியபோது கறுப்பு வெள்ளை லோகோவுக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணம் என்றால் 903. அதன் மேல் நாட்டுக்கு நாடு, வகுப்புக்கு வகுப்பு தனிக்கட்டணம். மொத்தத்தை அவர்கள் தளத்தில் உள்ள கணிப்பானே கூட்டிச் சொல்லும். எங்கள் இந்தியப் பதிவு கறுப்பு வெள்ளையில் இருந்ததால் வெளியேயும் அப்படியே போனது. பாக்கெட்டின் மஞ்சளையும் சிவப்பையும் காட்ட வேண்டும் என்று டிசைன் போடும் பையன் சொல்லிப் பார்த்தான். நாங்கள் கேட்கவில்லை.

கொஞ்ச காலத்தில் வைப்போவிலிருந்து சான்றிதழ் வந்ததும் வீட்டில் இனிப்பு கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். அது சர்வதேசப் பதிவேட்டில் ஏறியதற்கான சான்றிதழ் மட்டுமே. பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் தனித்தனியாக ஆராய்ந்து சொல்லும். அதற்கு 12 மாதமோ 18 மாதமோ கெடு. சான்றிதழைத் தொடர்ந்து வேறு கடிதங்களும் வந்தன. முத்திரை, பார்கோடு எல்லாம் போட்டு, "உங்கள் டிரேட்மார்க்கைப் பதிய" இவ்வளவு யூரோ கட்டுங்கள் என்று. வைப்போ இதழில் வெளியாகும் முகவரிகளை எடுத்து இப்படி அனுப்புவதே சிலருக்குத் தொழில். அந்தக் கடிதங்களின் மாதிரிகளை வைப்போ தன் தளத்திலேயே போட்டு எச்சரிக்கிறது. எங்கள் அக்கவுன்டன்ட் ஒன்றுக்கு வவுச்சர் எழுதி என் மேசையில் வைத்திருந்தார், கிழித்துப் போட்டேன்.

சிங்கப்பூர் 29-ஐ ஏற்றது. 30-க்குத் தற்காலிக மறுப்பு: ஒலியில் நெருங்கிய ஒரு பழைய பெயர் மிட்டாய் வகையில் இருக்கிறதாம். அங்கே ஒரு ஏஜென்டை அமர்த்தி, பட்டியலை முந்திரி இனிப்பு மட்டும் என்று சுருக்கிப் பதில் கொடுத்தோம். மறுப்பை விலக்கிக்கொண்டார்கள். "மிட்டாய் வகைகள்" என்று அகலமாக எழுதுவதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை, எதிரி ஒருவர் கூடுவார். மலேசியாவில் தகராறு இல்லை.

அதுவரை பாக்கெட்டில் டிஎம் என்றுதான் அச்சிட்டோம். வட்டத்துக்குள் ஆர் என்றால் பதிவான பெயர் என்று அர்த்தம், பதிவாகும் முன் அதைப் போட்டு விற்பது சிங்கப்பூரில் குற்றம். அந்தக் குறி இந்தியப் பதிவைத்தான் சொல்கிறது என்று காட்டினால் விலக்கு உண்டு, ஆனால் அந்த வம்பு எதற்கு.

துபாயை இப்போது சேர்க்கப் போகிறோம். ஐக்கிய அரபு அமீரகம் 2021 கடைசியில் மாட்ரிடில் சேர்ந்தது. புது விண்ணப்பம் வேண்டாம், எம்எம்4 படிவத்தில் அந்த நாட்டைக் கூட்டினால் போதும். பதிவு செல்லும் பத்து வருடக் கணக்கு மட்டும் முதல் பதிவுத் தேதியிலிருந்தே ஓடும், எனவே துபாய்க்குக் கட்டும் காசில் சில வருடங்கள் ஏற்கனவே கழிந்தவை. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் இந்த வருடமே போட்டுவிடு என்றார்.