மளிகைச் சீட்டிலிருந்து தொடங்கும் சமையல் திட்டம்

வாரம் முழுக்க என்ன சமைப்பது என்று யோசிக்கும் முன், போன மாத மளிகைச் சீட்டை எடுத்து நான்கு வரிகளை மட்டும் பாருங்கள்: அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. வீட்டுச் சாப்பாட்டில் எது கூடுதல், எது குறைவு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு அது சொல்லும் அளவு இது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம் (முட்டை, மீன், இறைச்சியும் இதில் அடக்கம்), காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. உப்பு 5 கிராமுக்குள்.

இதை நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதக் கணக்காக்கினால், இட்லி அரிசி, கோதுமை, ரவை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துத் தானியம் 30 கிலோ வரும். பருப்பும் பயறும் 10 கிலோ. எண்ணெய் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். உப்பு 600 கிராம், அதில் ஊறுகாயிலும் அப்பளத்திலும் வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது சீட்டைப் பாருங்கள். நம் வீடுகளில் பலவற்றில் துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ, அத்தோடு முடிந்திருக்கும். எண்ணெய் வரியில் 5 லிட்டர் இருக்கும். முட்டையும் மீனும் தாராளமாக வாங்கும் வீட்டில் பருப்பு குறைவாக இருப்பது பரவாயில்லை. சைவச் சமையல் வீட்டில் அது பெரிய பள்ளம்.

தினமும் சாம்பார் வைக்கிறோமே என்று தோன்றும். நாலு பேருக்கான சாம்பாருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு போடுகிறோம், கூடிப்போனால் 100 கிராம். ஒருவர் பங்குக்கு 25 கிராம்தான் வருகிறது. காலையில் நாலு இட்லி சாப்பிட்டால் அதில் இருக்கும் உளுந்து கிட்டத்தட்ட 20 கிராம். ஆக 45. மீதி 40 கிராமுக்கு அன்றைக்கு இன்னொரு வழி வேண்டும். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் பாசிப்பருப்புக் கூட்டு, ராத்திரி அடை, இவற்றில் ஒன்று இருந்தால் கணக்கு நேராகிவிடும். வாரத் திட்டம் என்று நான் சொல்வது இந்த மூன்றாவது பருப்பை எங்கே வைப்பது என்பதைத்தான். அதை முதலில் முடிவு செய்துவிட்டுக் காய், குழம்பு என்று போனால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

இந்த மூன்றாவது பருப்பு நழுவிப்போவதற்குக் காரணம் ஒன்றுதான், முந்தின ராத்திரி ஊறப்போட மறப்பது. கொண்டைக்கடலை, கொள்ளு, காராமணி, முழுப் பச்சைப்பயறு எல்லாவற்றுக்கும் 8 மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் ஞாபகம் வைப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ கொண்டைக்கடலையை மொத்தமாக ஊறவைத்து வேகவைத்துவிடுங்கள். ஊறும்போது கடலை இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிடும், அதனால் பெரிய பாத்திரமும் நிறையத் தண்ணீரும் தேவை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் 5, 6 விசில். பயறு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி, உரிந்த தோல் விசில் துவாரத்தை அடைக்கும். ஆறியதும் தண்ணீரை வடித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். சுண்டலுக்குத் தாளித்து டப்பாவை அப்படியே கொட்டிக் கிளறினால் பத்து நிமிடம்.

ராஜ்மா வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது அரைவேக்காடாக இருந்தால் கடும் வாந்தி வரும். அதில் உள்ள லெக்டின் என்ற புரதம் நன்றாகக் கொதித்தால்தான் செயலிழக்கும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் ராஜ்மாவை நேராகப் போடாதீர்கள்.

பருப்பு வேகவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். உப்புத்தன்மை உள்ள போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். குடிக்கிற தண்ணீரில் வேகவைத்தால் அதே பருப்பு குழையும். புளியும் தக்காளியும் இதே வேலையைச் செய்யும் என்பதால் பருப்பு மசிந்த பிறகே அவை. தண்ணீர் நல்லதாக இருந்தும் வேகவில்லையென்றால் பருப்பு பழசு. சமையல் சோடா போட்டால் சீக்கிரம் வேகும், உண்மைதான், ஆனால் பி1 வைட்டமின் அழியும். அரை மணி நேரம் ஊறவைத்தால் சோடாவுக்கு வேலையே இல்லை. துவரம்பருப்புக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர், கால் டீஸ்பூன் எண்ணெய், ஊறியிருந்தால் 3 விசில் போதும்.

அடுத்து மாவு. வார நாட்களின் காலை அவசரத்தை இதைவிட நன்றாகச் சமாளிக்கும் உணவு எதுவும் கிடையாது. ஆவியில் வேகிறது, எண்ணெய் இல்லை, அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஒன்றின் புரதக் குறையை இன்னொன்று நிரப்புகிறது. நாலு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை 6 டம்ளர் இட்லி அரிசி, ஒன்றரை டம்ளர் முழு உளுந்து, 2 டீஸ்பூன் வெந்தயம். இதில் ஐம்பது இட்லிக்குக் குறையாமல் வரும். இரண்டு காலை இட்லிக்கும் ஒன்று அல்லது இரண்டு வேளை தோசைக்கும் போதும். இது கிரைண்டருக்கான கணக்கு. மிக்ஸியில் அரைப்பவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்ட வேண்டும், மிக்ஸி சூட்டில் உளுந்து அவ்வளவாகக் காணாது.

அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் பசைத்தன்மை தண்ணீரோடு போய்விடும். உளுந்தை அரைக்கும்போது ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கைகையாகத் தெளியுங்கள், ஒரேயடியாக ஊற்றக் கூடாது. 25, 30 நிமிடம் ஓடவேண்டும். ஒரு சொட்டு மாவைக் கிண்ணத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று அர்த்தம். அரிசி சன்ன ரவைப் பதத்தில் நின்றால் போதும். உப்பு போட்டுக் கையால் கலந்து இரண்டு பாத்திரங்களில் பிரியுங்கள், எதிலும் பாதிக்கு மேல் மாவு வேண்டாம். சென்னைக் கோடையில் 6 மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும்.

பிரிக்கச் சொன்னது காரணமாகத்தான். முதல் பாத்திரம் முழுதாகப் பொங்கி மறுநாள் இட்லிக்கு. இரண்டாவது பாதி பொங்கியதுமே ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும், அங்கே மெதுவாகப் புளித்துக்கொண்டு புதன், வியாழன் வரை தாங்கும். எல்லா மாவையும் முழுக்கப் புளிக்கவிட்டால் மூன்றாம் நாள் தோசையில் புளிப்பு மட்டும்தான் இருக்கும். பொங்கிய மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்குவதும் தட்டை இட்லிக்கு ஒரு காரணம். உள்ளே பிடித்திருக்கும் காற்று வெளியேறிவிடும். ஓரத்திலிருந்து அப்படியே அள்ளி ஊற்றுங்கள். மாவு நன்றாகப் பொங்கியும் இட்லி கல் மாதிரி வந்தால் சந்தேகப்படவேண்டியது உளுந்தின் வயதை.

எண்ணெய்க்கு வருவோம். ஒருவருக்கு 27 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 120 மில்லி. காலையிலேயே இந்த அளவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பருகில் வைத்துவிட்டு, அன்றைய தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதிலிருந்தே எடுத்தால் வேறு கட்டுப்பாடு தேவைப்படாது. கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கம்தான் 5 லிட்டருக்குக் கொண்டுபோகிறது. பொரியலுக்கு எண்ணெய் அதிகம் பிடிப்பது காயை வேகவைக்க எண்ணெயையே நம்புவதால். ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, முக்கால் வேக்காடு வந்ததும் திறந்து வதக்கினால் நாலு பேருக்கான பீன்ஸ் பொரியல் 3 டீஸ்பூனில் முடியும். கத்தரிக்காய் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அது எண்ணெய் கேட்கும். அன்றைக்கு மற்றதில் குறைத்துக்கொள்ளுங்கள்.

காய்கறிக் கணக்கு எல்லோரையும் திகைக்க வைக்கும். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ, வாரத்துக்கு 11 கிலோ. உருளைக்கிழங்கை இதில் சேர்க்காதீர்கள், சாப்பாட்டில் அதன் இடம் சோற்றின் பக்கம். இவ்வளவையும் பொரியலாகவே தின்ன முடியாது. சாம்பாரில் காய் கரண்டிக்கு இரண்டு துண்டு என்றில்லாமல் அடர்த்தியாக இருக்கட்டும். உப்புமாவில் அரிசி நொய்க்கோ ரவைக்கோ சமமான அளவு காய் போடலாம். சட்னியே பீர்க்கங்காய்த் தோலிலோ சௌசௌவிலோ ஆகட்டும். வாங்கி வந்தவற்றில் கீரையை முதல் இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். வெண்டை, கத்தரி, அவரை அதற்கடுத்து. கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி, வாழைக்காய் வாரக் கடைசிக்கு.

முருங்கைக்கீரை உருவுவதற்கு அலுத்துக்கொண்டே பலர் வாங்குவதில்லை. கொத்தை ஈரமில்லாமல் உதறி, பழைய வேட்டித் துணியிலோ செய்தித்தாளிலோ இறுக்கமாகச் சுற்றி ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உலுக்கினால் இலை பெரும்பாலும் தானே உதிர்ந்திருக்கும். கீரையை அலசிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரில் போய்விடும். மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் நிற்கும். வேகும்போது வெளிவரும் அமிலம் மூடியில் பட்டுத் திரும்பக் கீரையிலேயே விழுவதால்தான் மூடி வைத்த கீரை பழுப்பாகிறது.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி என்று வைட்டமின் சி இருந்தால் சேர்வது கூடும். சுண்டலில் பிழியும் எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழியுங்கள், கொதிப்பில் அந்த வைட்டமின் வீணாகும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பது இதற்கு நேர் எதிர் வேலை செய்யும்; ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இரத்தசோகை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது முக்கியம்.

அரிசியைப் பற்றி இரண்டு விஷயம். மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய் அது, தீட்டிய பச்சரிசியையே முழுக்க நம்பியவர்களைப் பிடித்தது. புழுங்கல் அரிசியில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதன்பின் தீட்டினாலும் ஓரளவு நிற்கும். அந்த வகையில் அன்றாடச் சாப்பாட்டுக்குப் புழுங்கல் அரிசிதான் என் தேர்வு. கழுவுவது இரண்டு தண்ணீரோடு நிற்கட்டும். சிறுதானியம் வாங்கினால் மிகவும் வெளுப்பாகத் தீட்டியதை விட்டுவிடுங்கள், நார்ச்சத்து தவிட்டோடு போயிருக்கும். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் கசந்துவிடும், ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.

இரண்டாவது, மீந்த சோறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மதியம் வடித்த சோற்றை அடுப்பிலேயே மூடி வைத்து ராத்திரி தாளிப்பதைத் தவிர்க்க வேண்டும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் எலுமிச்சைச் சாதத்துக்கு உதிரி உதிரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜில் பாதிக் கோஸ், இரண்டு கேரட், ஒரு கீற்றுப் பூசணி என்று கிடக்கும். அதைக் கதம்பக் கூட்டாக்குங்கள். பாசிப்பருப்பு ஒரு டம்ளர், அதாவது ஆளுக்கு 40 கிராம். பருப்பைக் குக்கரில் போடாமல் திறந்த பாத்திரத்தில், மஞ்சள்தூளோடு மூன்று மடங்கு தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, 600 கிராம் காயைக் கெட்டியானது முதலில், பூசணி கடைசியில் என்று சேருங்கள். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. உப்பு ஒரு டீஸ்பூன், அதுவும் அரைத்ததை ஊற்றிய பிறகு. தேங்காயும் சீரகமும் சேர்ந்ததும் ருசி ஏறிவிடும், முன்னாடியே போட்டால் கை தாராளமாகும். ஒரு டீஸ்பூன் நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சோற்றுக்கும் போகும், சப்பாத்திக்கும் போகும். ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.