கைப்பிடி அரிசியும் கரைந்த மையும்

அம்மாவின் பையில் இரண்டு சேலை, வேதாகமம், பிரஷர் மாத்திரை. அவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் துணிப்பையில் மூன்றரைக் கிலோ அரிசி. எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறும்போது அந்தப் பையை மட்டும் என் கையில் கொடுக்கவே இல்லை.

"ஊர்ல அரிசி கிடைக்காதாம்மா?" என்றேன்.

"இது கடையில வாங்குன அரிசி இல்லல. கைப்பிடி அரிசி."

2024 பிப்ரவரி 14, சாம்பல் புதன். அன்றிலிருந்து தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அள்ளி ஒரு பழைய பாட்டிலில் போட்டு வந்திருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்ற தவக்காலம் முழுக்க அப்படிச் சேர்ந்தது அது. எங்கள் சென்னை வீட்டுச் சமையலறையில் இது நடந்தது எனக்குத் தெரியாது. தினமும் அந்த பாட்டிலைத் தாண்டித்தான் காபிப் பொடி எடுத்திருக்கிறேன்.

பெரிய வியாழன் விடியுமுன் ரயில் திருநெல்வேலியைத் தாண்டியது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். 2023 டிசம்பர் 17 இரவு, இதே ரயில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், இதே ஸ்டேஷனில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம், உள்ளே ஏறத்தாழ 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. ஜல்லி புதிதாகக் கொட்டியிருந்த இடம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அடுத்த சீட்டில் திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டிருந்த ஒரு பெரியவரும் கைகூப்பினார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பயணம் வேறு மாதிரி. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து திருநெல்வேலியில் இறங்கி, மீட்டர் கேஜ் பாசஞ்சருக்கு மாறவேண்டும். கரி எஞ்சின். நாசரேத்தில் இறங்கும்போது சட்டைக் காலரெல்லாம் கரித்தூள். ஸ்டேஷனுக்குத் தாத்தா மாட்டுவண்டியோடு வந்திருப்பார். அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏல பேரப்புள்ள, சங்கீதம் எத்தனை மனப்பாடம்?" வழியெல்லாம் நான் ஒப்பிக்க, வண்டிமாடு தலையை ஆட்டிக்கொண்டே நடக்கும். இந்த முறை வாடகைக் கார். டிரைவர் தம்பி கூகுள் மேப் பார்த்து ஓட்டினான். ஒரு திருப்பத்தில் மேப் பேசாமல் போய்விட, "அந்தா கோபுரம் தெரியுதுல்லா, அதைப் பார்த்துப் போப்பா" என்றாள் அம்மா.

அது மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயக் கோபுரம். 192 அடி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுத்ததே அந்தக் கோபுரம்தான். தேரி மேட்டில் ஏறி நின்றால், சிவப்பு மணலும் பனையுமாகக் கிடக்கிற வெளியில், அது ஒன்றுதான் வேற்றாக நிற்கும். 1845 புயலில் இங்கிருந்த பழைய கோவில் விழுந்துபோனதும், ஜாண் தாமஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) அதே ஊரில் இதைக் கட்டி எழுப்பினார். 1845-ல் புயல், 2023-ல் வெள்ளம். எங்கள் ஊர்களின் சபைச் சரித்திரத்தைத் தண்ணீரை விட்டுவிட்டு எழுதவே முடியாது.

எங்கள் ஊர் அங்கிருந்து சாத்தான்குளம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் எழுதினால் யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்ன ஊர். பக்கத்து முதலூர் மஸ்கோத் அல்வாவால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது அல்வா இல்லை. விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன ஏழைக் குடும்பங்களை தாவீது சுந்தரானந்தம் 1799-ல் குடியமர்த்திய முதல் கிறிஸ்தவ ஊர், அதனால் முதலூர். ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது "நம்ம ஆட்கள்" என்றுதான் சொல்வாள், நேற்று நடந்தது மாதிரி.

பெரியம்மா வாசலில் நின்றாள். வீட்டின் மேற்குச் சுவர் இல்லை. டிசம்பரில் குளம் உடைந்து வந்த தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. இப்போது தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள். "வாட்டி, மெலிஞ்சு போயிட்டியே" என்று அம்மாவின் கன்னத்தைத் தடவினாள். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது.

காப்பி குடித்த கையோடு பெரியம்மா கட்டில்மேல் ஒரு துணியை விரித்து அதைக் கொண்டுவந்து வைத்தாள். தாத்தாவின் குடும்ப வேதாகமம். தண்ணீருக்குள் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. தாள் தாளாகப் பிரித்து, பழைய நாளிதழை இடையில் வைத்து, ஃபேன் காற்றிலேயே ஒரு மாசம் உலர்த்தியிருக்கிறாள். வெயிலில் வைத்தால் தாள் முறுகிவிடுமாம். புத்தகம் முன்பைவிட இரண்டு மடங்கு தடித்துவிட்டது. சேற்று வாசம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் அலை அலையாகக் காவி நிறக் கறை.

"முன் அட்டையைத் திறந்து பாரு" என்றாள்.

அங்கேதான் குடும்பக் கணக்கு இருக்கும். தாத்தா மைப் பேனாவில், குண்டு குண்டான எழுத்தில், ஒவ்வொரு பிள்ளை பிறந்த தேதியும் ஞானஸ்நானம் பெற்ற தேதியும் எழுதுவார். யாராவது இறந்தால் ஆச்சி அந்தப் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு சிலுவை போட்டுத் தேதி எழுதுவாள். பேனாவை அவள் தொடமாட்டாள், அது தாத்தாவுடையது. இப்போது மை முழுக்கக் கரைந்து பக்கமே நீல மேகமாக இருந்தது. ஒரு பெயரும் தெரியவில்லை. பென்சில் மட்டும் அப்படியே நின்றது. பெயரில்லாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு சிலுவைகள், ஆறு தேதிகள்.

"பிறந்ததெல்லாம் போயிட்டு. செத்தது மட்டும் நிக்கி" என்றாள் பெரியம்மா. அன்று அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசவில்லை.

தாத்தா பனையேறி. பங்குனியில் பருவம் தொடங்கினால் ஆடி வரைக்கும் தினம் இரண்டு வேளை ஏறி இறங்குவார். நெஞ்சில் பனஞ்செதிள் உரசி உரசி உண்டான காய்ப்பு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். விடியுமுன் தளைநாரையும் அரிவாள் பெட்டியையும் எடுக்கும் முன்னால், மண்தரையில் முழங்காலிட்டு ஒரு ஜெபம். பெரிய ஜெபமெல்லாம் இல்லை, "ஏறவும் இறங்கவும் நீரே கூட இரும்" அவ்வளவுதான். ஆச்சி விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பயினி (பதநீர்) காய்ச்சுவாள். பாகாகத் திரளும் கூப்பனிப் பதம் வந்ததும் எனக்கு ஒரு ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவாள். ஞாயிற்றுக்கிழமைப் பயினியில் காய்ச்சிய கருப்பட்டி வீட்டுக்கு இல்லை, கோவிலுக்கு. சிரட்டையில் ஊற்றிய அந்தக் கருப்பட்டியைத் தனிக் கொட்டானில் போட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நானும் சித்தி பையன்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே படுத்திருப்போம், கை வைத்ததில்லை.

இப்போது ஊரில் பனையேறுகிறவர்கள் இரண்டே பேர். விடிலிகள் போய்விட்டன. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, மும்பை, துபாய். இதைச் சோகமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரன் பனை ஏறக்கூடாது என்றுதான் தாத்தாவே ஜெபித்தார். அவர் கேட்டது கிடைத்தது. ஆனாலும் தேரியில் ஏறுவாரில்லாமல் காய்ந்த மட்டையோடு நிற்கிற மரங்களைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

கோவிலும் மாறித்தான் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் தொங்கிய கொக்கியில் எல்.இ.டி. விளக்கு. ஆர்மோனியம் இருந்த மூலையில் கீபோர்டு. பாட்டின் வரிகள் திரையில் ஓடுகின்றன. ஆராதனை நேரத்தைச் சபை ஊழியரான உபதேசியார் தெருத் தெருவாகச் சொன்னது போய், வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. சாதாரண ஞாயிறுகளில் முன் பெஞ்சில் வயதான அம்மாமார் இருபது பேர்தானாம். பெரிய வெள்ளிக்கு மட்டும் வாசலில் கார் நிறுத்த இடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. மும்மணி ஆராதனை. வெள்ளைச் சேலைகள், வெறுங்கால்கள், வெளியே கொதிக்கிற மணல். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு திருமொழிகளில் ஐந்தாவதை, "தாகமாயிருக்கிறேன்" என்பதை, எங்கள் சபையில் வழக்கமாக ஒரு பனையேறிதான் பேசுவார். யார் எப்போது தொடங்கியது என்று தெரியாது. தாத்தா பலமுறை பேசியிருக்கிறார். இந்த வருஷம் மிச்சமிருக்கும் இரண்டு பேரில் இளையவர் எழுந்தார். என்னைவிட வயது குறைவு. நான்கு நிமிஷம்கூடப் பேசவில்லை. "உச்சியில இருக்கும்போது கலயம் நிறைய பயினி பக்கத்துல இருக்கும். ஆனா தொண்டை வறண்டு போயிருக்கும். குடிக்கிறதுக்குக் கை ஒழியாது. ரெண்டு கையும் மரத்தைப் பிடிச்சிருக்கும். ஆண்டவரை நினைக்கிற நேரம் எனக்கு அதுதான்." உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இதைத்தான் என் பிள்ளைகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மூன்று மணிக்குக் கஞ்சி. கோவிலுக்குப் பின்னால் இரண்டு பெரிய வட்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு வந்த கைப்பிடி அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்தது: பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, யாரோ கொண்டுவந்த பாசுமதிகூட. அதனால் அந்தக் கஞ்சி ஒரே பதத்தில் இருக்காது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், ஒரு பருக்கை விறைத்து நிற்கும். சிறுபயறு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப் பால், தொட்டுக்கொள்ளத் துவையல். நாற்பது வருஷத்துக்கு முன் எப்படி நாக்கில் தட்டுப்பட்டதோ அப்படியே இருந்தது. ஊரில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் வந்து வாங்கிப் போகலாம், வந்தார்கள். அம்மா தன் பையை உதறி, மூலையில் ஒட்டியிருந்த நாலு அரிசியையும் தட்டிப் போட்டுவிட்டுத்தான் கும்பாவை நீட்டினாள்.

சனிக்கிழமை இடையன்குடி போனோம். கால்டுவெல் ஐயர் 1841-ல் வந்து சேர்ந்த ஊர். 1856-ல் வெளிவந்த 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதியவர் அவர்தான். தூய திரித்துவ ஆலயத்தை 1847-ல் தொடங்கி 1880-ல் முடித்தார், 33 வருஷம். கூர்மாடச் சன்னல்களின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்து பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். அம்மா அவரைவிட அவர் மனைவி எலிசாவைத்தான் நினைத்துக்கொண்டாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆச்சியும் லேஸ் பின்னுவாள், காசு சேர்த்து அம்மாவை ஆசிரியப் பயிற்சி படிக்க வைத்தாள். "அந்தம்மா நூலைக் கொடுத்தா, எங்கம்மா என்னைப் படிக்க வச்சா" என்று அம்மா பெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

ஈஸ்டர் அன்று நாலு மணிக்கு எழுந்து கையில் மெழுகுவர்த்தியோடு பவனி. கல்லறைத் தோட்டத்தில் தாத்தா, ஆச்சி பக்கத்தில் நின்று பாடினோம். வெள்ளம் சில சிலுவைகளைச் சாய்த்திருந்தது. பையன்கள் ஏற்கெனவே நிமிர்த்து வைத்து அடியில் கல் அணைத்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா மறுபடி வேதாகமத்தை எடுத்தாள். பேத்தியின் டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அரிவாள்மணையில் சீவினாள். "நீ சொல்லுட்டி, நான் எழுதுதேன். எனக்கு மறந்து போயிட்டு." அம்மா கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னாள், பிறந்த மாதம், ஞானஸ்நானம் கொடுத்த ஐயர், அன்றைக்கு மழையா வெயிலா என்பது உட்பட. பெரியம்மா நீலக் கறையின்மேல் மெல்ல எழுதிக்கொண்டே வந்தாள். நாலாவது சிலுவையில் இரண்டு பேரும் நின்றார்கள்.

எனக்குத் தெரியாத ஒரு சிலுவை அது. பத்தொன்பது நாள் இருந்த ஒரு தங்கையாம். அவளைப் பற்றி அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவசர ஞானஸ்நானம், ஐயர் வரமுடியாமல் உபதேசியார் கொடுத்தது. பேரை வைத்தது யார் என்று பெரியம்மா கேட்டாள். ஆச்சிதான் என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பேரைச் சொன்னாள்.

பெரியம்மா பென்சிலை நாக்கில் ஒருமுறை தொட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுதினாள்.