கருப்பன் குதிகால் தரையை விட்டு முழுசா எழும்ப நாலு மாசம் ஆச்சு

எங்க பூனை கருப்பனுக்கு 11 வயசு, நல்லா கொழுகொழுன்னு இருந்தவன். கொஞ்ச நாளா தண்ணி கிண்ணத்தை காலி பண்ணிட்டே இருந்தான், சாப்பாடும் நிறைய உள்ள போச்சு, ஆனா தடவிக் குடுக்கும்போது முதுகெலும்பு கையில தட்டுப்பட்டுச்சு. வயசாகுதுன்னு நினைச்சு விட்டுட்டேன், அது என் தப்பு. ஒருநாள் ஜன்னல் திட்டுக்குத் தாவப் போய் பாதியிலயே சரிஞ்சு விழுந்துட்டான். தரையோட தரையா குனிஞ்சு பக்கவாட்டுல பாத்தப்போதான் விஷயம் தெரிஞ்சுது. பூனை விரல் நுனியில நடக்கிற ஜீவன், குதிகால் தரையில படாது. இவன் ரெண்டு பின்னங்கால் குதிகாலையும் முழுசா தரையில பதிச்சு முயல் மாதிரி நடந்துட்டு இருந்தான், அந்த இடத்துல முடி தேஞ்சு தோல் சிவந்து போயிருந்துச்சு.

டாக்டர் பாத்தப்போ சுகர் 430. பூனைக்கு ஆஸ்பத்திரி பயத்துலயே சுகர் எகிறுமாம், அதனால அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பாம யூரின்லயும் பாத்து, ரெண்டு மூணு வார சராசரி தெரியுற ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டும் எடுத்தாங்க. பொட்டாசியம் குறைஞ்சாலும் கால் வலுவிழக்கும்னு அதையும் பாத்தாங்க, அது சரியா இருந்துச்சு. எலும்புல கோளாறு இல்ல, சுகர் கூடி நரம்பு பாதிச்சிருக்கு, சுகர் அடங்கினா நரம்பு மெதுவா தேறும், ஆனா மாசக்கணக்குல ஆகும்னு சொன்னாங்க. ஒண்ணு மட்டும் அழுத்திச் சொன்னாங்க: திடீர்னு பின்னங்கால் விழுந்து, பாதம் ஜில்லுன்னு ஆகி, வலியில கத்தினா அது ரத்தக்கட்டி அடைப்பா இருக்கலாம், ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம கொண்டு வரணும்.

கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1 யூனிட்னு ஆரம்பிச்சோம். ஊசி போடுறதுக்கு நான் பயந்த அளவுக்கு ஒண்ணுமே இல்ல, சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி போட்டா அவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான். ஆனா சிரிஞ்சு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. யூ-100ன்னா ஒரு மில்லியில 100 யூனிட் மருந்து, யூ-40ன்னா 40 யூனிட். யூ-100 மருந்துக்கு யூ-100 சிரிஞ்சு, யூ-40க்கு யூ-40 சிரிஞ்சு, மாத்தி எடுத்தா ரெண்டரை மடங்கு கூடவோ குறையவோ போயிடும். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சா வாங்கிட்டேன், பூனைக்கு அரை யூனிட்டும் பெரிய வித்தியாசம்தான்.

கஷ்டப்பட்டது வீட்டுல சுகர் பாக்க காதுல ரத்தம் எடுக்கத்தான். முதல் நாள் ஏழு குத்து, ஒரு சொட்டு வரல, அவன் கட்டிலுக்கு அடியில போயிட்டான், நான் அங்கேயே உக்காந்து அழுதேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு, வெதுவெதுப்பான துணியை காதுல அரை நிமிஷம் வெச்சா ஓரத்துல ஓடுற ரத்தக்குழாய் புடைச்சு தெரியும், பின்னாடி பஞ்சை முட்டுக் குடுத்துட்டு அந்த ரத்தக்குழாய்க்கும் ஓரத்துக்கும் நடுவுல குத்தினா கடுகளவு சொட்டு வரும், மீட்டருக்கு அது போதும். மனுஷங்க மீட்டர் பூனைக்கு கொஞ்சம் குறைச்சுதான் காட்டும், அதனால மீட்டரை மாத்தாம ஒரே மீட்டர்ல பாத்து நோட்டுல எழுதிட்டு வந்தேன்.

மூணாவது வாரம் சுகர் 200 பக்கம் வந்துடுச்சு, தண்ணி குடிக்கிறது குறைஞ்சுது, ஆனா கால் அப்படியே இருந்துச்சு. எனக்கு பொறுக்கல, டோஸைக் கூட்டலாமான்னு கேட்டேன். காலைப் பாத்து டோஸ் மாத்தக் கூடாது, நம்பரைப் பாத்துதான் மாத்தணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அது எவ்வளவு சரின்னு அடுத்த வாரமே தெரிஞ்சுது. ஒரு சாயங்காலம் சாப்பிட்டதை பாதி வாந்தி எடுத்திருக்கான், நான் கவனிக்காம முழு ஊசியும் போட்டுட்டேன். நாலு மணி நேரம் கழிச்சு தள்ளாடிட்டு வந்தான், இவன் கால் எப்பவும் இப்படித்தானேன்னு விடப் பாத்தேன், ஆனா தலையும் ஆடுச்சு, கண்ணு எங்கயோ வெறிச்சுப் பாத்துச்சு. மீட்டர்ல 46, சுகர் ரொம்ப இறங்கிடுச்சு. ஈறுல தேனைத் தடவி, டாக்டருக்கு ஃபோன் பண்ணி, சாப்பாடு வெச்சு, கால் மணிக்கு ஒரு தடவை சுகர் பாத்து, விடியற வரைக்கும் மடியில வெச்சுட்டு இருந்தேன். கால் பலவீனமான பூனை வெச்சிருக்கவங்க இதை தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க, தள்ளாட்டம் வழக்கத்தை விட துளி கூடினாலும் முதல்ல காதைக் குத்தி சுகர் பாருங்க.

சாப்பாட்டுல உலர் தீனியை நிறுத்தி மாவுச்சத்து குறைஞ்ச ஈர உணவுக்கு மாத்தினோம், அதுவும் டாக்டர் கிட்ட சொல்லிட்டுத்தான், ஏன்னா தீனி மாறினா இன்சுலின் தேவை சட்டுனு குறையும். மெத்தில்கோபாலமின்னு பி12 மாத்திரையும் குடுத்தாங்க, அதனால தேறினானான்னு என்னால சொல்ல முடியாது. வழுக்குற தரை பூரா ரப்பர் பாய் விரிச்சேன், அவன் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போற மண் தட்டோட ஒரு பக்க விளிம்பை தாழ்வா வெட்டிவிட்டேன், குதிகாலை தினமும் தொடைச்சு புண்ணு ஆகாம பாத்துக்கிட்டேன்.

ஏழாவது வாரம், தூங்கி எழுந்து கிண்ணத்துக்குப் போறப்போ முதல் நாலஞ்சு அடி குதிகால் ஒரு விரல்கடை உயர்ந்துச்சு, அப்புறம் களைச்சு மறுபடி இறங்கிடுச்சு. நான் மூச்சை அடக்கிட்டுப் பாத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் நாலஞ்சு அடி பத்தாச்சு, பத்து ஒரு ரூம் தூரம் ஆச்சு. நாலாவது மாசம் ஒரு காலையில நான் படுத்திருக்கும்போது கட்டில் லேசா அதிர்ந்துச்சு, பாத்தா கால்மாட்டுல நிக்கிறான், விரல் நுனியில.

ஊசி இன்னும் அரை யூனிட் ரெண்டு வேளையும் போயிட்டுத்தான் இருக்கு. ஜன்னல் திட்டு இன்னும் எட்டல, அதுக்கு ஒரு முக்காலி போட்டு வெச்சிருக்கேன். குதிகால்ல முடி முளைச்சு மூடிடுச்சு, ராத்திரி தடவிப் பாத்துட்டுத்தான் படுக்கிறேன்.