பூச்சியத்துக்குள் பத்து ரூபாய்

கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இருவரும் திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, பைகளோடு ஓர் உத்தரவும் வந்து இறங்கியது. மூத்தவன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். குறை எண்ணைக் கண்டால் விழிக்கிறான். சின்னவள் நான்காம் வகுப்பு. கூட்டல் கழித்தலே தகராறு. "தாய்மாமன் எதற்கு இருக்கிறான்?" என்று அக்கா தொலைபேசியிலேயே முடித்துவிட்டாள். காது குத்துக்கு மடி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

நோட்டைத் திறந்தால் பையனுக்குக் கொட்டாவி வருகிறது. எனவே தொட்டுப் பார்க்கிற பொருளை வைத்தே தொடங்கினோம். தாமிரபரணி ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையைப் போன்ற எண்கோடு எந்தப் பாடநூலிலும் கிடையாது என்பது என் கட்சி. தண்ணீர் தொடுகிற படி பூச்சியம். மேலே ஏறினால் ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே இறங்கினால் குறை ஒன்று, குறை இரண்டு. பையனை மூன்றாம் படியில் நிறுத்தி ஐந்தைக் கழிக்கச் சொன்னேன். தடதடவென்று இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்று, "குறை இரண்டு மாமா" என்றான். இதைத்தான் ஒரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றையும் இரண்டையும் காணவில்லை. மேலே பாபநாசம் அணையில் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். "மாமா, பூச்சியம் மேலே ஏறிவிட்டதே" என்றான் பையன். பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு அவ்வளவு நேரம் பொறுத்ததே பெரிது. "143 அடி அணையைத் திறக்கிறவன் கையில் அல்லவா தம்பி உங்கள் பூச்சியம் இருக்கிறது? பெருவெள்ளம் வந்தால் முருகன் கோயிலே மைனஸில்தான் நிற்கும்" என்றார். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில் அது; வெள்ளக் காலத்தில் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூச்சியத்தை எங்கே வைப்பது என்பது நம் வசதிதான் என்று விளக்க வாயெடுத்தேன். பெரியவர் அதற்குள் 1992 வெள்ளத்துக்குப் போய்விட்டார்.

சின்னவளை அம்மா எடுத்துக்கொண்டாள். பல்லாங்குழியைப் பரணிலிருந்து இறக்கினாள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் எழுபது என்று குழந்தை இரண்டே ஆட்டத்தில் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு சிக்கல். அந்த ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு, குழிக்குரியவர் அள்ளிக்கொள்ளலாம். இப்போது மூன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டால், "பசு" என்று கத்திவிட்டுக் கையை நீட்டுகிறாள். ஜூனில் இதை அவளுடைய ஆசிரியை எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை.

பையனுக்கு உண்மையில் கை கொடுத்தது புளியங்கொட்டை. தாயம் உருட்டுவதற்கு ஒரு பக்கத்தைத் தரையில் உரைத்து வெள்ளையாக்குவோமே, அதேதான். ஒரு பக்கம் மிகை, மறுபக்கம் குறை. புறவாசல் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் உரைத்தார்கள். உரைத்த கொட்டை எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைச் சின்னவள் அண்ணன் தொடையில் வைத்துக் கண்டுபிடித்தாள். அன்றைய வகுப்பு அத்தோடு கலைந்தது.

வெள்ளை மிகை என்று நான் வைத்தேன். அம்மா ஒப்பவில்லை. "தோல் போனது நட்டமா, லாபமா? கறுப்புத்தான் முழுக்கொட்டை" என்றாள். பழைய சீனத்தில் கணக்குக் குச்சிகளில் சிவப்பு மிகை, கறுப்பு குறை. இன்றைக்குக் கணக்குப் புத்தகத்தில் நட்டத்துக்குச் சிவப்பு மை. ஆக, நிறத்தை யார் வேண்டுமானாலும் தீர்மானிக்கலாம். எங்கள் வீட்டில் அம்மா தீர்மானித்தாள்.

ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தால் பூச்சியம். இது விளங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழிக்க வேண்டும். பையன் மூன்று கறுப்பை வைத்துவிட்டு, "எடுப்பதற்கு வெள்ளையே இல்லையே மாமா" என்று கையை விரித்தான். "இரண்டு ஜோடி பூச்சியத்தைக் கொண்டு வா" என்றேன். இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. வைத்ததால் மதிப்பு மாறவில்லை. இப்போது இரண்டு வெள்ளையை எடு. மிச்சம் ஐந்து கறுப்பு. பையன் கொட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினான். நான் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று என் கையையும் திருப்பிப் பார்த்தான்.

"இதற்கு இவ்வளவு கொட்டையா?" என்றாள் அம்மா. அவளிடம் பையனுக்கு 40 ரூபாய் கடன் இருந்தது. எல்லாம் ஐஸ் வாங்கியது. "முற்றத்தைப் பெருக்கு, பத்து ரூபாய்க் கடனைக் கழிக்கிறேன். கழித்தால் உனக்கு நட்டமா, லாபமா?" என்றாள். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்தே விதிகளை எழுதினார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்பதும் அதில் உண்டு. அம்மா அவரைப் படித்ததில்லை; சீட்டு நடத்தியிருக்கிறாள்.

பையன் பெருக்கினான். செடிக்குத் தண்ணீர் விட்டான், கடைக்குப் போனான், மாவு அரைத்துக்கொண்டு வந்தான். நான்கு தடவை பத்துப் பத்தாகக் கடன் கழிந்து, பையன் பூச்சியத்துக்கு வந்து நின்றான். மறுநாள் யாரும் சொல்லாமலேயே முற்றத்தைப் பெருக்கிவிட்டு வந்து, "ஆச்சி, பத்து ரூபாய்க் கடனைக் கழியுங்கள்" என்றான்.

"இல்லாத கடனை எங்கிருந்து கழிக்க?"

"பூச்சியம் என்றால் பத்து ரூபாய் பணமும் பத்து ரூபாய்க் கடனும் சேர்ந்தது ஆச்சி. கடனை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கிற பத்து ரூபாயைக் கொடுங்கள்."

அம்மா பையனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூச்சியத்துக்குள்ளே பணத்தை வைத்தவன் உன் மாமன்தானே? அவனிடமே வாங்கிக்கொள்."