22 கண்ணி, 10 சென்டிமீட்டர்

பிப்ரவரி 3

அக்காவுக்கான ஸ்வெட்டரின் பின்னல் குறிப்பு கேட்கும் மெரினோ கம்பளி நூல் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. கிடைத்தாலும் பயனில்லை, அக்காவின் தோல் இருக்கும் நிலையில் கம்பளி கழுத்தில் பட்டால் தாங்க மாட்டாள்.

பிப்ரவரி 4

மாற்று நூலை எடைபார்த்து வாங்கக் கூடாது, நீளம்தான் கணக்கு. 50 கிராமுக்கு 120 மீட்டர் வரும் நூலில் 10 உருண்டைகள், அதாவது 1200 மீட்டர் வேண்டும். அதே கேஜுக்கு, அதாவது 10 சென்டிமீட்டருக்குள் அடங்கும் கண்ணி, வரிசை எண்ணிக்கைக்கு, நான் பார்த்து வைத்திருக்கும் முழுப் பருத்தி நூலோ 50 கிராமுக்கு 85 மீட்டர்தான் வருகிறது. அதில் 15 உருண்டைகள் வாங்க வேண்டியிருக்கும். ஸ்வெட்டரின் எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்கு அருகில் போய்விடும். பருத்தி கம்பளியைப் போல இழுத்துவிட்டால் மீளாது, தன் கனத்திலேயே தொங்கி நீளும். அந்தக் கனத்தை அந்தத் தோள்களில் ஏற்றுவதாக இல்லை.

பிப்ரவரி 6

அக்காவின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஊசியைத் தொடவில்லை.

பிப்ரவரி 7

பருத்தியும் அக்ரிலிக்கும் பாதிக்குப் பாதி கலந்த நூல், 50 கிராமுக்கு 115 மீட்டர். அக்ரிலிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எடை குறைவு, குத்தாது, அடிக்கடி துவைக்கலாம். 11 உருண்டைகள் போதும் என்றாலும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் 12 எடுத்துக்கொண்டேன். பாதியில் நூல் தீர்ந்து, வேறு தொகுதி உருண்டையைச் சேர்த்தால், நிறம் மாறிய இடம் நெஞ்சில் கோடாகத் தெரியும்.

பிப்ரவரி 9

மாதிரித் துண்டு பின்னினேன். ஸ்வெட்டர் வட்டமாகப் பின்னப்படுவது, அதில் எல்லாமே முன்பக்க வரிசைகள். எனக்குப் பின்பக்க வரிசைகள் எப்போதும் சற்றுத் தளர்ந்தே விழும் என்பதால், ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலைப் பின்புறமாகத் தளர்வாக இழுத்துவந்து, முன்பக்க வரிசைகளை மட்டுமே பின்னினேன். 4 மில்லிமீட்டர் ஊசியில் 21 கண்ணிகள் வருகின்றன. துவைக்காத துண்டின் கணக்கை நம்புவதற்கில்லை.

பிப்ரவரி 10

துண்டு காய்கிறது. தொலைபேசி ஒலிக்கவில்லை.

பிப்ரவரி 11

காய்ந்தபின், ஓரங்களை விட்டு நடுவில் அளந்தேன். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள், 28 வரிசைகள். குறிப்பு கேட்பதோ 22, 30. இரண்டு கண்ணிதானே என்று விட முடியாது: 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவுக்கான 220 கண்ணிகளை இந்தக் கேஜில் பின்னினால் 110 ஆகிவிடும். 3.5 ஊசியில் 22 கண்ணிகள் வந்துவிட்டன, ஆனால் துணி அட்டைபோல் விறைத்து நிற்கிறது. மடித்துவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது. எண் பொருந்தி, துணி பொருந்தாமல் போனால் அதை யார் உடுத்துவது? 4 ஊசியின் துண்டு கையில் குழைந்து விழுகிறது, அதுவே வேண்டும். ஆகவே சிறிய அளவுக்குரிய 200 கண்ணிகளை எடுத்துக்கொண்டால், என் கேஜில் சரியாக 100 சென்டிமீட்டர் வரும். ஆனால் அந்த 100 யாருடைய 100? டிசம்பரில் எடுத்த அளவு அது. இப்போது அளக்கலாமா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 12

அளவை மாற்றப்போவதில்லை. ஸ்வெட்டர் தொளதொளவென்று இருந்தால் இருக்கட்டும்.

பிப்ரவரி 13

வரிசைக் கணக்கு. உடலும் கையும் அளவுநாடாவைப் பார்த்துப் பின்னுவதால் அங்கே சிக்கல் இல்லை. தோள்பகுதியில்தான் வரிசைகளை எண்ணிக் கண்ணி குறைக்க வேண்டும். பெரிய அளவுக்கு 60 வரிசைகள், குறிப்பின் கேஜில் 20 சென்டிமீட்டர். சிறிய அளவுக்கு 54. அது என் கேஜில் 19.3தான் வருகிறது, கை தூக்கும்போது அக்குளில் பிடிக்கும். மருத்துவமனையில் ஊசி செருகும் கை அது. கண்ணி குறைக்காத வரிசைகள் இரண்டைச் சேர்த்தால் 56, சரியாக 20.

பிப்ரவரி 14

200 கண்ணிகள் ஏற்றியாயிற்று. கீழ் விளிம்புக்கு மட்டும் 3.5 ஊசி.

பிப்ரவரி 16

நாளை காலை கூப்பிடுவார்களாம். விளிம்பு முடிந்தது, 4 ஊசிக்கு மாறிவிட்டேன். கையின் நீளத்தை மட்டுமாவது அவளிடம் கேட்க வேண்டும், அது மாறியிருக்காது.