டேவிட் வில்லா: எந்தக் காலில் அடிப்பார்?

ஸ்பெயின் கால்பந்து அணிக்காக கோல் அடித்த டேவிட் வில்லாவுக்கு நான்கு வயதில் வலது தொடையெலும்பு முறிந்தது. அந்தக் கால் மாவுக்கட்டில் இருந்த நாட்களில், சுரங்கத் தொழிலாளியான அப்பா பந்தை இடது காலுக்கே திரும்பத் திரும்பப் போட்டு அடிக்க வைத்தார். அவர் ஊர், வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் நிலக்கரிப் பகுதியில், லங்ரேயோ நகரை ஒட்டிய சிற்றூர். 'எல் குவாஹே' என்ற அவருடைய பட்டப்பெயரும் அந்த மண்ணுடையதுதான். அந்த ஊர்ப் பேச்சில் 'பையன்' என்று அர்த்தம். சுரங்கத்தில் கையாளாக வேலை செய்யும் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இடது காலும் பழகியது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டிஃபெண்டரின் (தடுப்பாட்டக்காரரின்) வேலையே பாதி எதிராளிக்கு ஒரு கால் வராது என்பதை நம்பித்தான் நடக்கிறது. வலதுகால்காரர் இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்தால், உள்வழியை அடைத்து அவரை வெளிப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே அவருக்கு மிச்சம் இருப்பது வராத கால் மட்டும். பந்தை நல்ல காலுக்கு மாற்ற அவர் எடுக்கும் அந்த அரை நொடி போதும், காலை நீட்டித் தடுத்துவிடலாம். வில்லாவிடம் இந்தக் கணக்கு எடுபடவில்லை. வெளியே தள்ளினால் இடது காலால் அடித்தார். உள்ளே விட்டால் வலது காலின் உட்புறத்தால் தூர மூலைக்கு வளைத்தார்.

ஓட்டமும் அதே அளவுக்குப் பழக்கப்பட்டது. கடைசி டிஃபெண்டரின் தோளுக்குப் பக்கத்தில், அவர் பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாத இடத்தில் நிற்பார். பந்து வைத்திருக்கும் சக வீரர் தலையைத் தூக்கியதும் வில்லா நேராக ஓடமாட்டார். டிஃபெண்டர்கள் நிற்கும் கோட்டோடு சேர்ந்து பக்கவாட்டில் இரண்டு அடி வைத்து, பிறகுதான் வளைந்து உள்ளே போவார். நேராக ஓடினால் பாஸ் ஒரு கணம் தாமதித்தாலும் ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும்போதே கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கும் தவறு. வளைந்து ஓடினால் அந்தத் தாமதத்தைத் தாங்கலாம், கோலைப் பார்த்தபடியே பந்தையும் வாங்கலாம்.

குறையும் உண்டு. உயரம் 1.75 மீட்டர். முதுகை கோலுக்குக் காட்டி, உயரமான இரண்டு டிஃபெண்டர்களோடு முட்டிமோதிப் பந்தைத் தக்கவைப்பது அவருக்கு ஏற்ற வேலை இல்லை. அதனால்தான் ஸ்பெயின் அணியின் இன்னொரு முன்கள வீரர் ஃபெர்னாண்டோ டோரஸ் பக்கத்தில் இருந்தபோது இருவருக்குமே லாபம். 2008 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ரஷ்யாவுக்கு எதிராக வில்லா ஹாட்ரிக், அதாவது ஒரே ஆட்டத்தில் மூன்று கோல், அடித்தது அந்த ஜோடியில்தான். மொத்தம் 4 கோல், தொடரிலேயே அதிகம். ஆனால் அரையிறுதியில் தொடைக் காயம்; இறுதி ஆட்டத்தில் ஆடவில்லை.

2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் அடித்தது மொத்தமே 8 கோல். அதில் 5 வில்லாவுடையவை. டோரஸ் நடுவில் நிற்க, பயிற்சியாளர் டெல் போஸ்கே இவரை இடது ஓரத்தில் தொடங்க வைத்தார். ஒவ்வொரு கோலிலும் அந்த இரண்டு கால்களின் கதை இருக்கிறது. ஹோண்டுராஸுக்கு எதிரான முதல் கோலில் இடது ஓரத்தில் இருவருக்கு நடுவே புகுந்து, மூன்றாமவரையும் தாண்டி, விழுந்துகொண்டே வலது காலால் அடித்தார். சிலிக்கு எதிராக கோல்கீப்பர் பிராவோ வெகுதூரம் ஓடிவந்து பந்தைத் தட்டிவிட்டார். அது இடது பக்கம் வில்லாவிடம் வந்தது. வலது காலுக்கு மாற்றியிருந்தால் கீப்பர் திரும்பியிருப்பார். நிறுத்தாமல் இடது காலால் காலி கோலுக்குள் அனுப்பினார். போர்ச்சுகல் ஆட்டத்தில் சக வீரர் சாவி குதிகாலால் தட்டிக் கொடுத்த பந்தை இடது காலால் அடித்தார், கோல்கீப்பர் எடுவார்டோ தடுத்தார். திரும்பி வந்ததை வலது காலால் மேலே தூக்கி உள்ளே போட்டார். ரீப்ளேயில் நூலளவு ஆஃப்சைடு தெரிந்தது, அப்போது வீடியோ நடுவர் கிடையாது. பராகுவே ஆட்டத்தில் 83-வது நிமிடம், சக வீரர் பெட்ரோவின் ஷாட் கம்பத்தில் பட்டு வர, வில்லா அடித்தது ஒரு கம்பத்தில் பட்டு மறு கம்பத்திலும் பட்டு உள்ளே போனது.

அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி மட்டும் கைநழுவியது. ஹோண்டுராஸ் ஆட்டத்தில் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார். அது போயிருந்தால் 6 கோலோடு தனியாக முதலிடம். 5 கோலில் நால்வர் சமமாக நிற்க, 3 அசிஸ்டோடு (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்) ஜெர்மனியின் தோமாஸ் முல்லர் எடுத்துக்கொண்டார்.

வலென்சியாவில் ஐந்து சீசன்களில் லீகில் மட்டும் 25, 15, 18, 28, 21 கோல்கள். 2010-ல் 40 மில்லியன் யூரோவுக்கு பார்சிலோனா வாங்கியது. முதல் சீசனில் 18. தேய்ந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது தவறான வாசிப்பு. நடுவில் மெஸ்ஸி பின்வாங்கி வந்து பந்து வாங்க, அவரைத் துரத்தி வரும் டிஃபெண்டர் விட்ட பள்ளத்தில் ஓரத்திலிருந்து ஓடுவதுதான் இவருக்குக் கொடுத்த வேலை. பத்து முறை ஓடினால் ஓரிரு முறைதான் பந்து வரும். மற்ற ஓட்டங்கள் மெஸ்ஸிக்கு இடம் திறந்துவிட. அந்த ஏற்பாடு முழுதாகப் பலித்தால் என்ன ஆகும் என்று 2010 நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வென்ற ஆட்டம் காட்டியது: மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல், இரண்டுக்கும் பாஸ் மெஸ்ஸியிடமிருந்து. 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெடுக்கு எதிராக மூன்றாவது கோல், பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து வலது காலால் வளைத்தது.

அதே 2011 மார்ச்சில் கிரனாடாவில் செக் குடியரசுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, ஸ்பெயினுக்காக ராவுல் அடித்த 44 கோல் சாதனையைக் கடந்தார். டிசம்பர் 15, யோகோஹாமாவில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் இடது கீழ்க்கால் எலும்பு முறிந்தது. 2012 யூரோ போயிற்று. திரும்பி வந்த பிறகு அடிக்கும் திறமை குறையவில்லை. அந்த முதல் ஐந்து மீட்டர் வேகம்தான் குறைந்தது. வளைந்து ஓடும் ஆட்டத்துக்கு உயிரே அதுதான். அடுத்த சீசனில் லீகில் 10 கோல்.

2013-ல் மிகக் குறைந்த விலைக்கு அட்லெட்டிகோ மாட்ரிட் போனார். 13 லீக் கோல், லீக் பட்டம். பிறகு நியூயார்க் சிட்டியில் நான்கு சீசன், 80 கோல், 2016-ல் அமெரிக்க லீகின் சிறந்த ஆட்டக்காரர். வேகம் குறைவான லீகில் இடம் பார்க்கும் கண்ணும் இரண்டு கால்களும் போதுமானதாக இருந்தன. கடைசியாக ஜப்பானின் விஸ்ஸல் கோபே கிளப்பில் பழைய சகா இனியெஸ்டாவோடு. 2020 ஜனவரி 1-ல் பேரரசர் கோப்பையோடு முடித்தார்.

ஸ்பெயினுக்கு 98 ஆட்டம், 59 கோல். உலகக் கோப்பையில் மட்டும் 9. அதில் கடைசியை 2014-ல் குரிட்டிபாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் குதிகாலால் தட்டினார். ஸ்பெயின் ஏற்கெனவே வெளியேறியிருந்தது. 57-வது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.