தம்பிக்கு எஸ்.டி. சான்று வாங்கிய கதை

தம்பியின் சாதிச் சான்று ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இருளர், பழங்குடியினர், கோட்டாட்சியர் கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது. கல்லூரியில் கொடுத்தும் ஆயிற்று. கோபம்தான் இன்னும் ஆறவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். வட தமிழ்நாட்டில் நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்வார்கள்.

ஈசேவை மையத்தில் மனு போட்டதில் ஒரு தகராறும் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, டி.சி., போட்டோ, முடிந்தது. மற்றவர்களுக்குத் தாலுகா ஆபீஸோடு முடிகிற வேலை நமக்கு மட்டும் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) வரை போகும் என்பது தெரிந்ததுதான்.

முதல் அடி விசாரணையில் விழுந்தது. பொங்கல் முடிந்தால் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், ஆனி வரை அங்கேதான். தம்பி ஹாஸ்டலில், நான் கம்பெனி வேலையில். வீட்டில் ஆயா மட்டும். ஆயாவும் பகலில் நண்டு பிடிக்கவோ விறகு பொறுக்கவோ போயிருக்கும். விசாரிக்க வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ‘மனுதாரர் இவ்வூரில் வசிக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனு தள்ளுபடி என்று போனில் மெசேஜ் வந்தது, அவ்வளவுதான்.

எனவே பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்லூரி சேர்க்கை நடக்கிற வைகாசி, ஆனியில் நம் தெருவே சூளையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மனு போட்டுவிடுங்கள். அப்படியும் வெளியே போக வேண்டியிருந்தால் வி.ஏ.ஓ.விடம் சூளை இருக்கும் ஊரையும் ஒரு போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது முறை ஆள் இருந்தோம், காகிதம் இல்லை. அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை, அவருக்கு ஏது சான்று? அம்மாவைப் பெற்ற ஊர் புதுச்சேரிப் பக்கம். 2016 டிசம்பரில்தான் அங்கே இருளரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள், மாமா உடனே வாங்கிவிட்டார். அதைக் கொடுத்தால், ‘தாய்வழி வேண்டாம், அதுவும் வேறு மாநிலம், அப்பா வழியில் கொண்டு வா’ என்றார் கிளார்க்.

அப்பா வழியில் ஒரே ஒரு சான்று இருந்தது. பெரியப்பா 1987இல் ஏதோ கடனுக்காக வாங்கியது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்ததை ஆயா பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூரையில் சொருகி வைத்திருந்தது. கிளார்க் அதைத் தூக்கிப் பார்த்தார். “இது தாசில்தார் கொடுத்தது, செல்லாதும்மா, ஆர்.டி.ஓ. கொடுத்ததா எடுத்துட்டு வா.”

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். வாசலில் நிற்கும் புரோக்கரும் இதற்காகத்தான் நிற்கிறார். என்னிடம் மூவாயிரம் கேட்டார். விஷயம் இதுதான்: 1989 நவம்பரில்தான் பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குப் போனது. அதற்கு முன் தாசில்தார்தான் கொடுத்தார். ஆகவே 1987 சான்றில் தாசில்தார் கையெழுத்து இல்லாமல் வேறு யார் கையெழுத்து இருக்கும்? உண்மையானதா என்று சரிபார்க்கட்டும், அது அவர்கள் உரிமை. செல்லாது என்று மேசையிலேயே தள்ளக் கூடாது. ஊரில் விவரம் தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லித்தான் எனக்கும் இது தெரியும்.

சந்தேகப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1976 சட்டத் திருத்தத்தில், குறிப்பிட்ட வட்டாரத்தில் இருந்தால்தான் பழங்குடி என்ற கட்டுப்பாட்டை எடுத்தபிறகு, பழங்குடிப் பெயரைச் சொல்லிப் போலிச் சான்று வாங்கியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் எஸ்.டி.க்கு இருப்பதே 1 சதவீத இடஒதுக்கீடு, அதிலும் போலி புகுந்தால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் போலிக்காரர்களிடம் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும், காகிதம் இல்லாமல் மாட்டிக்கொள்வது நாம்தான்.

மூன்றாவது கட்டம் நேர்முக விசாரணை. தம்பி ஜீன்ஸ், ஷூ போட்டு வந்திருந்தான். விசாரித்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாத்தா இருளர் மாதிரியே இல்லையே! பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்றார். தம்பி முழித்தான். ஆறாவதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தவன், பாம்பைப் பார்த்தால் முதலில் ஓடுவது அவன்தான்.

நான் சொன்னேன்: “சார், 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் பாம்பு பிடிச்சா வனத்துறை கேஸ் போடுவாங்க. வடநெம்மேலி பாம்பு பிடிக்கிறவங்க சொசைட்டில லைசென்ஸ் இருக்கறவங்க மட்டும்தான் பிடிக்கலாம். தெரியும்னு சொன்னா எழுதிக்குவீங்களா?” பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். இருளர் பாம்பு பிடிப்பவர்கள் இரண்டு பேருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், எங்களுக்கும் பெருமைதான். அதற்காக ஹாஸ்டல் பையனிடம் பாம்பைக் காட்டிப் பரீட்சை வைப்பதா?

அப்புறம் சாமி, கல்யாணம் பற்றிக் கேள்வி. அதற்கு ஆயா போதும். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது, மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவது, அப்பா அம்மா கல்யாணமே அங்கே நடந்தது, எல்லாம் சொன்னது. “பத்திரிகை இருக்கா, போட்டோ இருக்கா?” என்று கேட்டார். “கடல்ல எவன் சாமி பத்திரிகை அடிச்சான்?” என்றது ஆயா.

விசாரணைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பழக்கவழக்கம் பற்றிய கேள்விகளை மட்டும் வைத்துப் பழங்குடியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து போன வழக்கு. தீர்ப்பின் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். அதைப் படிக்கிறார்களோ இல்லையோ, பார்த்ததும் குரல் இறங்குகிறது.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். 1987 சான்று செல்லாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது மட்டும்தான் மனு. கூடவே வம்சாவளியைப் படமாக வரைந்து, அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தாத்தா பிள்ளைகள் என்று காட்ட ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல்களை இணைத்தேன். அடுத்த தடவை போனபோது அதே கிளார்க், “உட்காருங்கம்மா” என்றார். ‘வா’ ‘வாங்க’ ஆக ஒரு ரசீது தேவைப்படுகிறது. பெரியப்பா சான்றை ரெக்கார்டு ரூமில் சரிபார்த்தார்கள், பதிவு இருந்தது. அதன்பிறகு எதுவும் தடைபடவில்லை.

இது நடக்காமல் போயிருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தேன். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லும் எந்த ‘முடியாது’க்கும் மேல்முறையீடு கிடையாது, அதனால் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

தம்பியின் சான்றை லேமினேட் செய்யாமல் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். பெரியப்பா பேத்தி பத்தாவது படிக்கிறாள், அவளுக்கு இந்த ஐப்பசியிலேயே மனு போடுகிறோம்.